அச்சமும் விளியும்: ‘மீள்வருகை’ என்னும் உருசியத் திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

முதுகலை மாணவர்க்கு மெய்ப்பாட்டியல் கற்பித்து வந்த காலத்து, அச்சம் என்னும் மெய்ப்பாட்டை விளக்குதற்பொருட்டு ஓர் உருசியத் திரைப்படத்தை வகுப்பிற் காட்டினேன். படம் முடிந்ததும் மாணவருட் பலர் ஒரே வினாவை எழுப்பினர்: ‘அப்பெட்டியுள் இருந்தது யாது?’ இவ்வினாவிற்குப் படத்தில் விடை இல்லை. விடை கூறாமை கதையமைப்பின் குறை என்று சிலர் வாதித்தனர். குறையன்று எனக் கருதினோரும் தம் கருத்திற்குக் காரணங் காட்ட இயலாது நின்றனர். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

படத்தின் உருசியப் பெயரைத் தமிழில் ‘மீள்வருகை’ எனலாம். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கியவர் ஆந்திரேய் சுவியாகிந்த்செவ். நடிப்புக் கலை பயின்று, தொலைக்காட்சித் தொடரில் இயக்கப்பணி செய்த அவருக்கு இதுவே முதல் முழுநீளப் படம். அவ்வாண்டு நிகழ்ந்த வெனிசுத் திரைப்பட விழாவின் தலைப்பரிசாகிய பொற்சிங்கம் இப்படத்திற்கு வழங்கப்பெற்றது. கதையும் உரையாடலும் எழுதினோர் விளாதீமிர் மொய்செயென்கோ, அலெக்சாந்தர் நவத்தோத்சுகி என்னும் இருவர். ஒளிப்பதிவு செய்தவர் மிகயீல் கிரிச்மன்.

மருமப்படங்களைத் திறனாய்வோர் பெரும்பாலும் ‘மறைக்கப்பட்ட பொருள் யாது?’ என்று வினவி, அது வெளிப்படும் முறையை ஆராய்வர். இப்படத்திற்கு அம்முறை பொருந்தாது. இங்கு மறைந்து நிற்பது பொருள் அன்று. ஒரு மனிதனுக்கும் அவன் மக்கட்கும் இடைப்பட்ட உறவின் தன்மையே மறைந்து நிற்கிறது. தம்முன் நிற்பவனை எவ்வகை அச்சத்தால் அஞ்சுவது என்று அறியாது இரு சிறுவர் தவிக்கின்றனர். அத்தவிப்பு, ஒரு முறைப்பெயரை மனமொப்பி அழைக்கும் அழைப்பில் முடிகின்றது. தவிப்பை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும், முடிவை விளக்க விளிமரபும் துணைசெய்யும் என்பது எம் துணிபு. இனி அதனை நிறுவுவாம்.

2. கதைப்போக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை முடிய ஏழு நாள் நிகழ்ச்சியே கதை. நீர்க்கரையில் உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. சிறுவர் அதன் உச்சியிலிருந்து நீரிற் குதித்து விளையாடுகின்றனர். ஏணி வழியே இறங்குபவன் கோழை என்பது அவர்கள் வகுத்த சட்டம். மூத்தவன் ஆந்திரேய் குதித்துவிடுகிறான். இளையவன் இவானால் குதிக்கவும் இயலவில்லை. பழிக்கு அஞ்சி இறங்கவும் இயலவில்லை. எல்லாரும் சென்றபின் தனியனாய் நடுங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறான். தாய் தேடி வந்து, தானே மேலேறி, அவனை அணைத்துத் தேற்றுகிறாள்.

மறுநாள் உடன்பிறந்தார் இருவரும் பூசலிட்டு வீட்டிற்கு ஓடிவருகின்றனர். ‘ஓசை செய்யாதீர், தந்தை உறங்குகிறார்’ என்று தாய் கூறுகிறாள். பன்னிரண்டு ஆண்டு காணாதிருந்த தந்தை! அவர் எங்கிருந்தார், ஏன் வந்தார் என்பன கூறப்படவில்லை. சிறுவர் பரணுக்கு ஓடி, பழைய பெட்டியில் ஒரு நூலினிடையே வைத்திருந்த நிழற்படத்தை எடுத்துப் பார்க்கின்றனர். வந்தவர் அப்படத்தில் உள்ளவரே என்று தெளிகின்றனர்.

அடுத்த நாள் தந்தை அவர்களை மகிழுந்தில் அழைத்துச் செல்கிறார். மீன் பிடிக்கும் இன்பச் செலவு என்பது சிறுவர் எண்ணம். தந்தைக்கோ வேறு கருமம் உண்டு. வழியில் அவர் தொலைபேசியிற் பேசுகிறார். மக்களை ஊருக்குத் திருப்பியனுப்பப் பேருந்தில் ஏற்றுகிறார். உடனே மனம் மாறி இறக்கிக்கொள்கிறார். பின்னர்ப் படகில் மனிதர் வாழாத தீவு ஒன்றை மூவரும் அடைகின்றனர். அங்கே பாழ்பட்ட மனையொன்றில் தந்தை மண்ணைத் தோண்டிச் சிறு பெட்டி ஒன்றை எடுத்துப் படகில் மறைத்து வைக்கிறார்.

இறுதியில், குறித்த நேரத்தில் வருமாறு கைக்கடிகாரம் கொடுத்து விடுத்த மக்கள் நெடுநேரங் கடந்து திரும்புகின்றனர். தந்தை மூத்தவனை அறைகிறார். இளையவன் தான் களவாக எடுத்து வைத்திருந்த கத்தியை நீட்டித் தடுக்கிறான். பின் அதனை எறிந்துவிட்டுத் தீவிலுள்ள கோபுரத்தின்மேல் ஏறிக் குதிப்பதாகக் கூவுகிறான். அவனைக் காக்க ஏறிய தந்தை, பற்றிய பலகை பெயர வீழ்ந்து இறக்கிறார். மக்கள் இருவரும் உடலைக் காட்டின் வழியே இழுத்துவந்து படகிலேற்றிக் கரை சேர்க்கின்றனர். சேர்ந்தபின் படகு நழுவி, உடலோடும் பெட்டியோடும் நீரில் மூழ்கிப்போகிறது.

3. அச்சத்தின் நால்வகை நிலைக்களன்

மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு எனக் கூறும். அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இந்நான்கனுள் முதல் மூன்றும் ஒரு திறத்தன. தீங்கு செய்யும் இயல்பு உடையன. அவற்றை விட்டு விலகுதலே அறிவுடைமை. நான்காவது அத்தகையது அன்று. தம் இறை தமக்கு உரியவர். அவரிடத்துத் தோன்றும் அச்சம் விலகியோடச் செய்வதில்லை. அடங்கி நிற்கச் செய்வது.

‘இறை’ என்பதற்கு அரசன் என்று மட்டும் பொருள் கொள்வார்க்கு இந்நூற்பா தந்தை மக்கள் உறவோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும். ஆயின் உரையாசிரியராகிய பேராசிரியர், இறை எனப்படுவோர் தந்தையரும் ஆசிரியரும் அரசரும் முதலானோர் எனக் கொண்டார். தந்தையரை அவர் முதற்கண் வைத்தது உன்னத்தக்கது. குழந்தை உலகில் முதன்முதற் காணும் ஆட்சி தந்தையின் ஆட்சியே. பிற ஆட்சிகட்கு அஞ்சக் கற்பதும் அதன் வழியேதான்.

இப்பாகுபாட்டை உட்கொண்டு படத்தை நோக்குவார்க்கு அதன் மருமம் விளங்கும். தந்தை முதன்முதல் தோன்றும் காட்சியில் உள்ளது அணங்கச்சத்தின் சாயல். அவர் படுக்கையில் அசைவின்றிக் கிடக்கிறார். கால்கள் நம்மை நோக்க, உடல் துணியால் போர்த்தப்பட்டிருக்கிறது. இத்தாலிய ஓவியர் மாந்தேனியா தீட்டிய, இறந்த ஏசுநாதரின் ஓவியத்தைத் தழுவியது இக்காட்சியமைப்பு என்பது கலையறிஞர் பலர் கண்டது. சிறுவர் வாயிலில் நின்று நோக்குகின்றனர். இறந்தார் போலக் கிடக்கும் ஒருவர், இல்லாமையினின்றும் மீண்டு வந்தவர், மூச்சுவிடுகிறார். புதுமை பற்றிய மருட்கையும் அணங்கு பற்றிய அச்சமும் அச்சிறுவர் முகத்தில் ஒருங்கே தோன்றுகின்றன.

இரண்டாவதாகிய விலங்கச்சத்திற்கு இப்படத்தில் இடமில்லை. காடும் ஏரியும் மழையும் நிறைந்திருந்தும் கொடுவிலங்கு ஒன்றேனும் வரவில்லை. மனிதர்க்கிடையே பிறக்கும் அச்சம் ஒன்றையே இயக்குநர் கருதினார் என்பது இதனாற் பெறப்படும்.

எஞ்சிய இரண்டுமே கதையை நடத்துவன. இரவில் கூடாரத்துள் இவான் தமையனிடம் தன் ஐயத்தைக் கூறுகிறான்: இவர் கொள்ளைக்காரராக இருக்கலாம், காட்டில் நம்மைக் கொன்றுவிடவும் கூடும். இது கள்வரச்சம். ஆந்திரேயோ தந்தையின் ஒவ்வொரு சொல்லையும் ஏற்று, அவர் பாராட்டிற்கு ஏங்கி, அவர் சினத்திற்கு நடுங்குகிறான். இஃது இறையச்சம். ஒரே மனிதரை ஒரே நேரத்தில் ஒருவன் கள்வராகவும் மற்றவன் இறையாகவும் அஞ்சுகிறான். யார் அச்சம் மெய்யானது என்பதே ஏழு நாளும் காண்போரைப் பிணித்து நிறுத்தும் வினா.

4. ஒரு செயலும் இரு பொருளும்

இவ்வினாவை விடையின்றி நீட்டுதற்கு இயக்குநர் கையாளும் முறை ஒன்றே. தந்தையின் ஒவ்வொரு செயலும் இருபொருள் தருமாறு அமைக்கப்பட்டுள்ளது.

வழியில் தந்தை பணப்பையை ஆந்திரேயிடம் தருகிறார். இளைஞர் இருவர் சிறுவரைத் தாக்கி அதனைப் பறித்துச் செல்கின்றனர். தந்தை சென்று அவர்களுள் ஒருவனைப் பிடித்துக் கொணர்ந்து மக்கள்முன் நிறுத்தி, ‘அடியுங்கள்’ என்கிறார். அவர்கள் அடிக்கவில்லை. அவனை விட்டுவிடுகிறார். தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கற்பிக்கும் தந்தையின் செயலா இது? வன்முறையே வாழ்வாகக் கொண்டவன் பிறரையும் அவ்வழிப் பயிற்றும் செயலா? இரண்டற்கும் இடம் உண்டு.

மீன் பிடிப்பதை இடையே நிறுத்தியதற்காக இவான் வண்டியில் முணுமுணுத்து வருகிறான். தந்தை வண்டியை நிறுத்தி, அவனைத் தூண்டிலோடு ஒரு பாலத்தின்மேல் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். பெருமழை பெய்கிறது. சிறுவன் நனைந்து நடுங்கியபடி அமர்ந்திருக்கிறான். நெடுநேரங் கழித்து வண்டி திரும்பி வருகிறது. இக்காட்சியில் கொடுமை உண்டு என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் வண்டி திரும்பி வந்தது என்பதும் உண்மை. இறக்கிவிட்டதை எண்ணுவான் ஒருவன். திரும்பி வந்ததை எண்ணுவான் மற்றொருவன்.

சேற்றில் வண்டி சிக்கியபோது உருளையின் அடியில் மரக்கிளைகளை இடுமாறு தந்தை பணிக்கிறார். பணி செவ்வனே நடவாமையின் ஆந்திரேயை அடிக்கிறார். உடனே அவனையே வண்டியைச் செலுத்தச் செய்கிறார். படகின் பொறி நின்றபோது மழையில் மக்களைத் துடுப்பு வலிக்கச் செய்து, தாம் எண் கூறி நடத்துகிறார். அடிப்பதும் கற்பிப்பதும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்தறிதற்குச் சிறுவர்க்கும் காலம் இல்லை. நமக்கும் இயக்குநர் சான்று தரவில்லை.

பெட்டியின் பயன் யாது என்பது இங்கே தெளிவாகும். அதனுள் கொள்ளைப்பொருள் இருந்ததென்று காட்டியிருப்பின் தந்தை கள்வர் என முடிந்திருக்கும். மக்கட்கென வைத்த பொருள் இருந்ததென்று காட்டியிருப்பின் அவர் இறை என முடிந்திருக்கும். எவ்வாறாயினும், உறவின் இயல்பைச் சிறுவர் தாமே உணர்ந்து தெளியவேண்டிய தேவை அற்றுப்போகும். பொருளொன்று அவர்க்காகத் தீர்ப்புக் கூறிவிடும். மகன் தந்தையை ஏற்பதற்குப் பெட்டி சான்றாகக் கூடாது என்று கருதியே அதனைத் திறவாமல் நீரில் ஆழ்த்தினார் இயக்குநர். பெட்டி படகில் இருக்கிறது என்பதையும் மக்கள் அறிந்திலர். நாம் மட்டும் அறிவோம். நாம் இழந்ததாக எண்ணி வருந்தும் பொருளை அவர்கள் இழந்ததாகவே எண்ணவில்லை. அவர்கள் இழந்தது வேறு.

5. இளிவரலும் வெகுளியும்

உயரத்திற்கு அஞ்சும் இவானின் அச்சம் மேற்கூறிய நான்கனுள் நேரே அடங்காது. எனினும் முதற்காட்சியை ஊன்றி நோக்கின், அவனைக் கோபுரத்தின்மேல் கட்டிவைத்தது உயரம் மட்டும் அன்று என்பது புலனாம். இறங்குதற்கு ஏணி உண்டு. இறங்கினால் கோழை என்பர். ஆதலின் அவனை நிறுத்தியது இளிவரல். இளிவரல் பிறக்கும் நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறிய மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றுள் மென்மையே இவன்பால் உள்ளது. தன் மென்மையைப் பிறர் கண்டுவிட்டனர் என்னும் நோவு அவனை ஏழு நாளும் விட்டு நீங்கவில்லை. அந்நோவு ஆறுமுன்னரே அதனை அளப்பார்போலத் தந்தை வந்து நிற்கிறார்.

தாயும் தந்தையும் கோபுரமேறும் இரு காட்சிகளும் ஒப்பிட்டுக் காணத்தக்கன. முதற்கண் தாய் ஏறுகிறாள். அவள் மகனிடம் குதி என்றோ இறங்கு என்றோ கூறவில்லை. அவன் மென்மையைப் பிறர் அறியாமல் மறைப்பதாக உறுதி கூறுகிறாள். அவள் அன்பு நிபந்தனை அற்றது. ஆயினும் அது சிறுவனின் இளிவரலை மூடுகிறதே ஒழியப் போக்கவில்லை. இறுதிக்கண் தந்தை ஏறுகிறார். இம்முறை மகன் மேல்வாயிலை அடைத்துவிடுகிறான். உள்வழி இன்மையால் தந்தை புறவழியே பற்றி ஏறுகிறார். தாய் ஏறியபோது திறந்திருந்த வாயில் தந்தைக்கு அடைபட்டது. அவ்வடைப்பே அவர் வீழ்ச்சிக்குக் காரணமாயிற்று. ‘என்னால் இயலும்’ என்று மகன் கூவுகிறான். உயரத்தை அவன் வென்றுவிட்டான். ஆனால் யாரை எதிர்த்து வென்றானோ அவரே அவ்வெற்றியால் இறந்துபட்டார்.

இவானின் வெகுளிக்கும் இலக்கணம் உண்டு. வெகுளி பிறக்கும் நிலைக்களன்களுள் ‘அலை’ ஒன்று. கோல்கொண்டு அலைத்தல் முதலாயின அதன்பாற்படும் என்பர் பேராசிரியர். இறுதி நாளில் இவான் கத்தி எடுப்பது தனக்கு இழைத்த தீங்கிற்காக அன்று. தமையன் அறைபடுவது கண்டு. அதுவரை தந்தையின் பக்கம் நின்ற தமையனை அவன் உள்ளூர வெறுத்தும் பழித்தும் வந்தவன். அன்று அத்தமையனுக்காகவே எதிர்த்து நிற்கிறான். அந்நிலையில் அவன் கூறுவது கூர்ந்து நோக்கத்தக்கது. தந்தை வேறாக இருந்திருப்பின் தான் அன்பு செலுத்தியிருக்கக் கூடும் என்கிறான். வெறுப்பின் உச்சியில் கூறிய சொற்களே ஏக்கத்தையும் வெளிப்படுத்துகின்றன. கள்வரிடத்து எவரும் இவ்வாறு கூறார். எனவே இவான் உள்ளத்தில் கள்வரச்சம் அப்பொழுதே நீங்கிவிட்டது என்றும், அவனே அதனை உணர்ந்திலன் என்றும் கொள்க.

6. விளி

இனி, அழைக்கும் சொல்லுக்கு வருவாம். பயணம் தொடங்கியது முதல் ஆந்திரேய் ‘அப்பா’ என்னும் பொருளுடைய சொல்லைத் தடையின்றி வழங்குகிறான். இவான் வழங்கவில்லை. தந்தை அதனைக் கவனித்து, அச்சொல்லைச் சேர்த்து விடையிறுக்குமாறு பணிக்கிறார். இவான் வேண்டாவெறுப்பாகச் சொல்கிறான். ஏவலாற் பிறந்த அச்சொல்லில் அழைப்பு இல்லை.

வேற்றுமை எட்டனுள் விளி இறுதியில் வைக்கப்பட்டது. ஏனைய வேற்றுமைகள் ஒருவனைப் பற்றிப் பேசுவன. விளி ஒன்றே அவனை நோக்கிப் பேசுவது. ‘தந்தை வந்தார்’ என்புழித் தந்தை செய்தியாகிறார். ‘எந்தாய்’ என்புழி முன்னிலையாகிறார். முறைப்பெயர் விளியேற்கும் முறைக்குத் தொல்காப்பியர் தனியே விதி கூறினார். ஐகார ஈற்று முறைப்பெயர்கள் பிறபெயர் போலத் திரிதலேயன்றி ஆகாரம் பெற்றும் வரும் என்றார். அன்னை என்பது அன்னாய் எனவும் அன்னா எனவும் வரும். உறவுச் சொற்கள் பிற பெயர்களினும் மிகுதியாக அழைத்தற்கண் வழங்குவன என்பது இதனால் உணரத்தகும்.

உருசிய மொழியின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. பண்டைய சிலாவிய மொழியில் விளி தனி வேற்றுமையாக இருந்தது. இக்கால உருசியத்தில் அது வழக்கிறந்து, எழுவாய் வடிவமே விளியாகவும் நிற்கிறது. பழைய விளிவடிவங்கள் சில, இறைவனை வேண்டும் மன்றாட்டு மொழியில் எஞ்சியுள்ளன. தந்தை என்னும் பெயரின் பழைய விளியும் அவற்றுள் ஒன்று. ஆயினும் மக்கள் தம் பேச்சில் அப்பா, அம்மா என்னும் முறைப்பெயர்களின் ஈற்றுயிரைக் கெடுத்து விளிக்கும் புதிய வழக்கை உண்டாக்கிக்கொண்டனர். ஒரு மொழி இலக்கணத்தில் விளியை இழப்பினும் வாழ்வில் இழத்தல் இயலாது என்பதற்கு இது சான்று.

தொல்காப்பியர் அண்மையில் உள்ளாரை அழைத்தற்கும் சேய்மையில் உள்ளாரை அழைத்தற்கும் வேறுபாடு கூறினார். அண்மை விளியில் பெயர் சில இடங்களில் இயல்பாகவே நிற்கும். சேய்மை விளியில் ஒலி தன் அளவு கடந்து நீளும். இப்படத்தில் இவான் அண்மை விளியை மறுத்தவன். உண்ணும் மேசையில், வண்டியில், கூடாரத்தருகே, கைக்கு எட்டும் தொலைவில் தந்தை இருந்தபோது அவன் அழைக்கவில்லை. படகு கரையை விட்டு நழுவித் தந்தையின் உடலோடு மிதந்து செல்லும்போது நீர்விளிம்பிற்கு ஓடி, அச்சொல்லையே திரும்பத் திரும்பக் கூவுகிறான். அண்மையில் மறுக்கப்பட்ட விளி சேய்மை விளியாகப் பிறந்தது. கேட்பார் இல்லாத விளி அது. ஆயினும் படத்தில் ஏவலின்றி அவன் வாயிற் பிறந்த முதல் விளியும் அதுவே.

இந்நிலையில் கள்வரச்சம், இறையச்சம் என்னும் இரண்டும் ஒழிந்து அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுகிறது. அழுகையின் நிலைக்களன்களுள் ‘இழவு’ ஒன்று. தந்தை தாய் முதலாய சுற்றத்தாரை இழத்தல் அது என்பர் பேராசிரியர். தந்தையை இழந்தவனே இழவால் அழுவான். எனவே அவன் அழுகை, இறந்தவர் தன் தந்தையே என்னும் தெளிவின் பயனாயிற்று.

தந்தையின் பக்கமும் இதற்கு ஒத்த குறை இருந்தது. அவர் பெரும்பாலும் ஏவல் வினையால் பேசுபவர். ‘செய்’, ‘வா’, ‘உண்’ என்பனவே அவர் உரை. கோபுரத்தின் அடியில் நின்று மகனைப் பெயர் சொல்லி அழைக்கும்போதுதான் அவர் குரல் நெகிழ்கிறது. இருவர் நாவிலும் அடைபட்டிருந்தது ஒன்றே. தந்தை அதனைத் திறந்தபோது மகன் மேல்வாயிலை அடைத்திருந்தான். மகன் திறந்தபோது தந்தை இறந்திருந்தார்.

7. தடையும் விடையும்

இதுகாறும் கூறியவற்றிற்குத் தடை சில எழலாம்.

உருசியப் படத்திற்குத் தமிழிலக்கணம் கூறுதல் பொருந்துமோ எனின், பொருந்தும். மெய்ப்பாட்டியல் தமிழர்க்கு மட்டும் உரிய சுவைகளைத் தொகுத்தது அன்று. கூத்தும் விளையாட்டும் நிகழும் அவையில் காண்போர் உணரும் உணர்ச்சிகளை வகுத்தது. கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணர்வார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும் என்பது அவ்வியலின் முடிந்த கருத்து. கண்ணையும் செவியையுமே கருவியாகக் கொண்ட திரைக்கலைக்கு இதனினும் ஏற்ற அளவுகோல் அரிது. பொருந்தாத இடத்தைப் பொருந்தாது என யாமே மேலே சுட்டியுள்ளோம்.

இத்தந்தை மனிதர் அல்லர், இறைவனின் உருவகம் அல்லது பழைய சோவியத்து ஆட்சியின் உருவகம் என்பாரும் உளர். அதற்குச் சான்றுகள் படத்தில் உண்டு. மாந்தேனியா ஓவியச் சாயலும், ஆபிரகாம் தன் மகனைப் பலியிட முனையும் படமுள்ள நூலில் குடும்ப நிழற்படம் வைக்கப்பட்டிருப்பதும், ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் உருசியச் சொல் உயிர்த்தெழுதலைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றாதலும் தற்செயல் அல்ல. ஆயின் இவற்றை உள்ளுறையாகக் கொள்ளலாமே அன்றி, வெளிப்படைப் பொருளை ஒழித்துக் கொள்ளலாகாது. தந்தை இறைவனே எனத் தொடக்கத்திலேயே துணிந்துவிடின், அச்சம் இறையச்சமே என்று முடிந்துவிடும். பின்னர் ஐயத்திற்கு இடமில்லை. படத்திற்கும் வேலை இல்லை.

மூன்றாவது தடையே வலியது. அடிக்கும் தந்தையை இறுதியில் மக்கள் ஏற்கின்றனர் எனின், அடித்தல் நன்று எனப் படம் கூறியதாகாதோ? எம் மாணவியருள் ஒருவர் எழுப்பிய இத்தடையை எளிதில் ஒதுக்குதல் முறையன்று. மக்கட்கு இறை என்னும் நிலை தந்தைக்கு உண்டு என்பதனால் அலைக்கும் உரிமை அவர்க்கு உண்டு என்பது பெறப்படாது. படமும் அவ்வாறு கூறவில்லை. அவர் அடித்ததன் விளைவாகவே மகன் கத்தி எடுத்தான். அதன் தொடர்ச்சியாகவே அவர் இறந்தார். இதனினும் கடிய தீர்ப்பை ஒரு கதை கூறவல்லதன்று. மக்கள் ஏற்றது அவர் அடியை அன்று, அவரை. மன்னித்தல் வேறு, ஏற்றல் வேறு. மன்னித்தல் செய்ததை நோக்கியது. ஏற்றல் உறவை நோக்கியது. இவர் எம் தந்தை என்பதும், இவர் எமக்குத் தீங்கிழைத்தார் என்பதும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும் என்று அறிதலே இப்படத்தில் சிறுவர் எய்தும் அறிவு. அவ்வறிவு அவர்கட்கு மிக்க விலையில் வந்தது.

அவ்விலை இன்றியே பெற்றது ஒன்றும் உண்டு. உடலைச் சுமக்க இயலாதபோது ஆந்திரேய் மரக்கிளைகளைப் பரப்பி அவற்றின்மேல் இழுக்கச் செய்கிறான். வண்டியைச் சேற்றினின்றும் மீட்கத் தந்தை காட்டிய வழி அது. தம்பி தயங்கும்போது தந்தையின் சொல்லையும் தொனியையுமே கொண்டு அவனை ஏவுகிறான். கையறுநிலை பாடுதற்குரிய இடத்தில் அச்சிறுவரின் கைகள் தொழிற்படுகின்றன. தொழில் தந்தை கற்பித்தது.

8. முடிபு

கரை சேர்ந்த மக்கள் வண்டியினுள் ஒரு நிழற்படத்தைக் காண்கின்றனர். பரணில் அவர்கள் கண்ட படத்தைப் போன்றதே அது. ஒரு வேறுபாடு உண்டு. வீட்டில் இருந்த படத்தில் தந்தையும் இருந்தார். வண்டியில் இருந்த படத்தில் தாயும் மக்களும் மட்டுமே உள்ளனர். மக்கள் வைத்திருந்தது தந்தையுள்ள படம். தந்தை வைத்திருந்தது மக்களுள்ள படம். பன்னிரண்டு ஆண்டு எங்கிருந்தார் என்னும் வினாவிற்கு இது விடையன்று. எவரை நினைந்திருந்தார் என்பதற்கு விடை. கள்வரா இறையா என்று ஏழு நாள் ஐயுற்ற ஐயம் இச்சிறு தாளில் தீர்கின்றது. அதுவும் இவான் விளித்த பின்னரே இப்படம் அவன் கைக்கு வருகிறது. அவன் ஏற்றது சான்று கண்டு அன்று என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும்.

படத்தின் இறுதியில் அசையா நிழற்படங்கள் வரிசையாக வருகின்றன. பயணத்தில் எடுத்தவற்றில் சிறுவரே காணப்படுகின்றனர். பின்னர் வரும் பழைய படங்களுள் குழந்தையோடு தந்தை இருக்கும் படமும் ஒன்று. ஆந்திரேயாக நடித்த விளாதீமிர் காரின், வெனிசு விழாவிற்கு முன்னரே 2003 சூன் திங்களில் நீரில் மூழ்கி இறந்தார் என்பதை அறிந்தோர்க்கு இப்படங்களைக் காண்டல் அரிது. ஆயினும் அத்துயரைப் படத்தின் பொருளாகக் கொள்ளுதல் திறனாய்வுக்கு அறமன்று. அது படத்திற்குப் புறம்பானது.

‘பெட்டியுள் இருந்தது யாது?’ என்று வினவிய மாணவர்க்கு யாம் கூறும் விடை இது. அதனை அறிதல் வேண்டாமை கதைக்குள்ளேயே நிறுவப்பட்டுள்ளது. மக்கள் அதனைத் தேடவில்லை. நீரை நோக்கி ஓடியபோது அவர்கள் அழைத்தது பெட்டியை அன்று.